மான் வேட்டைக்கு லீவர் ரைபிள்: எதை வாங்குவது, எந்தத் தோட்டா போடுவது?

பென்சில்வேனியாவின் வடக்குப் பக்க மலைக்காடுகளில் வருடா வருடம் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். வேலைக்காக அமெரிக்கா வந்த தமிழ் நண்பர்கள் பலர், நவம்பர் நெருங்கினால் போன் போட்டு ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். லீவர் ரைபிள், அதாவது விசைக்கு அடியில் உள்ள கைப்பிடியைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி பற்றிய பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இது அமெரிக்காவில் உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, சட்டப்படி வேட்டையாடுகிறவர்களுக்கானது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் படியுங்கள்.

எந்த ரைபிள் வாங்கலாம்? ஒரே வரியில் சொல்லுங்களேன்.

ஒரே வரியில் என்றால், தர்ட்டி-தர்ட்டி தோட்டா போடும் ஒரு மார்லின் 336 அல்லது வின்செஸ்டர் 94. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்: எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறீர்கள்? கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். நான் கேட்பேன், ஏனென்றால் இதைக் கேட்காமல் வாங்கிய முதல் ஆள் நான்தான்.

முதல் வருடம், மாலை மங்கும் நேரம். ஓக் மரங்கள் நிறைந்த சரிவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெண் மான் நின்றது. நூறு கஜம் இருக்கும் என்று மனசுக்குப் பட்டது. சுட்டேன். மான் துள்ளிவிட்டு ஒரு காலைத் தூக்கியபடி ஓடியது. ராத்திரி வரைக்கும் டார்ச் அடித்துத் தேடினோம், மறுநாள் காலையிலும் தேடினோம். கிடைக்கவே இல்லை. பிறகு தூரமானியை வைத்து அளந்து பார்த்தால் 180 கஜம். குண்டு தாழ்ந்துபோய் முன்னங்காலில் பட்டிருக்கிறது. ரைபிளில் ஒரு குறையும் இல்லை. தூரம் தெரியாமல் சுட்டவன் நான். அதனால்தான் இந்தப் பதில்கள் முழுக்க தூரம் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும்.

போல்ட் ரைபிள் இருக்கும்போது லீவர் எதற்கு?

300 கஜம் திறந்தவெளியில் சுடப் போகிறீர்கள் என்றால், பக்கவாட்டுக் கைப்பிடியைத் திருப்பி இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைபிளையே வாங்குங்கள். அங்கே லீவரைத் தூக்கிப் பிடித்து நான் வாதாட மாட்டேன்.

எங்கள் காடு அப்படி இல்லை. மலை லாரல் புதர், ஹெம்லாக் மரங்கள், விழுந்து கிடக்கும் மரத்தண்டுகள். மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் 40, 60, 80 கஜத்தில்தான். அங்கே வேண்டியது குட்டையான, தட்டையான, கையில் இடைஞ்சல் இல்லாத துப்பாக்கி. 20 அங்குலக் குழல் உள்ள வின்செஸ்டர் 94 ஏழு பவுண்டுக்குள்தான் எடை. அதன் நடுப்பகுதியை ஒற்றைக் கையால் கவ்விப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். பக்கவாட்டில் போல்ட் கைப்பிடி துருத்தாது, அடியில் தோட்டாக்களை வைக்கும் மேகசின் பெட்டி தொங்காது. தோளிலிருந்து எடுக்காமலே இரண்டாவது தோட்டாவை ஏற்றலாம்.

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குத் தானியங்கி ரைபிள் கூடாது. ஒவ்வொரு தடவையும் கையால் இயக்க வேண்டிய ரகமாக இருக்க வேண்டும். லீவர் அந்த விதிக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே தாத்தா காலத்து லீவர் ரைபிள் இல்லாத வேட்டைக்காரர் வீடு குறைவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விசாவில் இருக்கிறேன். நான் துப்பாக்கி வாங்கலாமா?

இதை ரைபிளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் மத்திய அரசின் பொதுச் சட்டம். அதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் நமக்கு முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும், ரைபிள் வீட்டிலேயே பூட்டியிருந்தாலும் சரி. இதைப் பலர் கவனிப்பதில்லை. உரிமத்தை இடைவெளி விடாமல் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. மாநிலச் சட்டங்கள் தனி. குடியேற்ற வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால், வாங்குவதற்கு முன்னால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மானை விட விசா பெரிது.

முதல் முறை உரிமம் எடுப்பவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடிக்க வேண்டும். அதைத் தலையெழுத்தே என்று முடிக்காதீர்கள், நல்ல வகுப்பு.

தர்ட்டி-தர்ட்டி நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. இன்றைக்கும் போதுமா?

போதும். 1895இல் வின்செஸ்டர் 94 ரைபிளுக்காக வந்த தோட்டா அது. புகையில்லா மருந்தை நிரப்பி அமெரிக்காவில் வேட்டைக்கென்று விற்ற முதல் சிறு விட்டத் தோட்டா என்ற பெருமை அதற்கு உண்டு. பெயரில் உள்ள முதல் 30 குழலின் விட்டம், அதாவது அங்குலத்தில் நூற்றில் முப்பது. இரண்டாவது 30 அந்தக் காலத்தில் நிரப்பிய மருந்தின் எடை, கிரெயின் என்ற சிறு எடை அளவில்.

150 கிரெயின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு ஏறக்குறைய 2390 அடி வேகம், 1900 அடி-பவுண்டு ஆற்றல். 100 கஜத்தில் அது 1300 பக்கம் இறங்கும். 200 கஜத்தில் 900 சொச்சம். முனை தட்டையான குண்டு என்பதால் காற்று அதைச் சீக்கிரம் பிடித்து நிறுத்துகிறது. வெள்ளைவால் மானுக்கு 150 கஜம் வரை இது தாராளம்.

ஆற்றலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குண்டு எவ்வளவு தாழும் என்பதுதான் உண்மையில் கையைக் கட்டுகிறது. 100 கஜத்தில் சரியாக மையத்தில் படும்படி வைத்தால், 150இல் மூன்று அங்குலம் தாழும். 200இல் ஏறக்குறைய எட்டு அங்குலம். நான் காலில் சுட்ட கதை இதுதான். 100 கஜம் என்று நினைத்துச் சுட்டால் 180இல் குண்டு நெஞ்சுக்குக் கீழே போய்விடும்.

இன்னொரு காரணம், உதை குறைவு. தோள் வலிக்காத துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மனுஷன் பயிற்சிக்குப் போவான். தோள் வலிக்கிற துப்பாக்கி அலமாரியிலேயே கிடக்கும்.

எல்லோரும் கூர்முனைக் குண்டு போடுகிறார்கள். லீவருக்கு ஏன் தட்டை முனை?

பெரும்பாலான லீவர் ரைபிளில் மேகசின் என்பது குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு குழாய். அதற்குள் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் உள்ள குண்டின் முனை, முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் நடுவே இருக்கும் பிரைமரில், அதாவது அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், முட்டிக்கொண்டிருக்கும். ஒரு தோட்டா வெடித்து ரைபிள் உதைக்கும்போது, கூர்மையான கெட்டி முனை அந்தப் பிரைமரைக் குத்திவிடலாம். அப்புறம் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். உங்கள் இடது கை அந்தக் குழாயின்மேல்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் குழாய் மேகசினுக்குத் தட்டை முனை அல்லது உருண்டை முனை, அந்த ரைபிளுக்கென்று தயாரித்த தோட்டா மட்டும். இதில் சமரசமே கிடையாது.

2006இல் ஹார்னடி நிறுவனம் லெவரெவல்யூஷன் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. முனை கூராக இருக்கும், ஆனால் அழுத்தினால் அமுங்கும் ரப்பர் மாதிரியான பொருள். ஆகவே பிரைமரைக் குத்தாது. 160 கிரெயின் குண்டு வினாடிக்கு 2400 அடியில் கிளம்பி, 200 கஜத்திலும் 1300 அடி-பவுண்டு மிச்சம் வைத்திருக்கிறது. சாதாரணத் தோட்டா 100 கஜத்தில் கொடுப்பதை இது 200இல் கொடுக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் உங்கள் ரைபிளுக்கு அது பிடிக்கிறதா என்று சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். சில பழைய ரைபிள்களில் சாதாரணத் தோட்டாவே நெருக்கமாகக் குழுமுகிறது.

150 கிரெயினா, 170 கிரெயினா?

மானுக்கு இரண்டும் சரி. உங்கள் ரைபிள் எதை நெருக்கமாகப் போடுகிறதோ அது. கரடியும் வரக்கூடிய காடு என்றால் 170. ரெமிங்டன் கோர்-லாக்ட், வின்செஸ்டர் பவர்-பாயின்ட், ஃபெடரல் பவர்-ஷாக் என்று மூன்று சாதாரண ரகமும் ஊர்க்கடைகளில் கிடைக்கும், மூன்றுமே மானை விழுத்தும். அதிலும் கோர்-லாக்ட் 1939இலிருந்து விற்பனையில் இருக்கிறது. விலை அதிகமான பெட்டியில்தான் நல்ல குண்டு இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் இன்னொரு சாதாரணப் பெட்டி வாங்கிப் பயிற்சி எடுங்கள்.

ஈயமா, செம்பா?

கலிபோர்னியாவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. மற்ற இடங்களில் உங்கள் விருப்பம்.

நான் செம்புக்கு மாறிவிட்டேன். ஈயக் குண்டு மானுக்குள் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறி, காயத்தைச் சுற்றியுள்ள கறியில் தங்கிவிடுகிறது. வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். முழுச் செம்புக் குண்டு இதழ் விரிந்த மாதிரி விரிந்து, ஒரே துண்டாக வெளியே போய்விடும். தர்ட்டி-தர்ட்டிக்கு 140, 150 கிரெயினில் தட்டை முனையிலும் அமுங்கு முனையிலும் கிடைக்கிறது. விலை கூடுதல்தான். ஈயமே போடுகிறீர்கள் என்றால், காயத்தைச் சுற்றி ஒரு கையகலத்துக்காவது கறியை வெட்டி எறிந்துவிடுங்கள். சிக்கனம் பார்க்காதீர்கள். இறந்த மானின் குடலை மிச்சமாக விட்டுவிட்டு வருகிறோம். கழுகுகள் அதைத் தின்று ஈய நஞ்சுக்குப் பலியாகின்றன என்பதும் என் முடிவுக்கு ஒரு காரணம்.

45-70 வாங்கினால் எந்த மானும் தப்பாது என்கிறார்களே?

45-70 நல்ல தோட்டா. 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. 300 கிரெயினிலிருந்து 405 கிரெயின் வரை கனமான குண்டு. கரடி, எல்க் என்ற பெரிய மான் என்றால் நானே சிபாரிசு செய்வேன். 60 கிலோ மானுக்கு அவ்வளவு தேவையில்லை, அவ்வளவுதான் விஷயம். உதை பலமாக இருக்கும். 100 கஜத்துக்கு வைத்த குறி 200 கஜத்தில் ஒரு அடிக்கும் மேல் தாழும். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடிக் குழலைக் கீழே தள்ளும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பழக்கம் ஒட்டினால் போக வருஷக்கணக்காகும்.

ஒரு எச்சரிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ராணுவத்தின் பழைய டிராப்டோர் ரைபிள் யாராவது வைத்திருந்தால், இன்றைய மார்லினுக்கென்று அதிக அழுத்தத்தில் தயாரிக்கும் 45-70 தோட்டாக்களை அதில் போடவே கூடாது. பெயர் ஒன்று, உள்ளே அழுத்தம் வேறு. பெட்டியின்மேல் எழுதியிருக்கும், படியுங்கள்.

35 ரெமிங்டன், 44 மேக்னம், 357 மேக்னம்?

35 ரெமிங்டன் 1906இல் வந்தது. 200 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2080 அடி. அடர்ந்த காட்டுக்கு எனக்கு ரொம்பப் பிடித்த தோட்டா. ஆனால் கடையில் தேடி அலைய வேண்டும். தாத்தா விட்டுச்சென்ற ரைபிள் இருந்தால் கொண்டாடுங்கள், புதிதாகத் தேடிப் போக வேண்டாம்.

44 மேக்னம் கைத்துப்பாக்கித் தோட்டாதான். ஆனால் 20 அங்குலக் குழலில் 240 கிரெயின் குண்டு 1760 அடி வேகம் எடுக்கும். 100 கஜத்துக்குள் மானுக்குப் போதும். 357 மேக்னம் 100 கஜத்தில் 700 அடி-பவுண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நான் அதை 75 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பயிற்சிக்கும் டப்பா சுடுவதற்கும் அருமையான தோட்டா.

ஓஹையோவில் இருக்கிறேன். தர்ட்டி-தர்ட்டி கூடாது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஓஹையோவில் 2014 முதல்தான் மானுக்கு ரைபிளையே அனுமதித்தார்கள், அதுவும் நேர்ச்சுவர்த் தோட்டாவுக்கு மட்டும். அதாவது தோட்டாக் கூடு அடியிலிருந்து நுனி வரை கழுத்துக் குறுகாமல் நேராக இருக்க வேண்டும். தர்ட்டி-தர்ட்டிக்குப் பாட்டில் மாதிரி கழுத்து உண்டு, ஆகவே அங்கே ஆகாது. 357, 44, 45-70 ஆகும். மக்கள் நெருக்கமாக வாழும் சமவெளி மாநிலங்களில் குண்டு வெகுதூரம் போகக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. அயோவாவும் இதே வழிக்கு வந்தது.

இந்த மாநிலங்களை மனதில் வைத்து 2023இல் ரெமிங்டன் 360 பக்ஹேமர் என்ற தோட்டாவை வெளியிட்டது. தர்ட்டி-தர்ட்டியின் கூட்டையே எடுத்து, கழுத்தில்லாமல் நேராக்கிய வடிவம். ஓஹையோக்காரர் என்னைக் கேட்டால் இதையோ 44ஐயோ சொல்வேன். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த வருட வேட்டை விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் ரைபிளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

வின்செஸ்டரா, மார்லினா, ஹென்றியா?

வின்செஸ்டர் 94ஐ வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். எழுபது லட்சத்துக்கும் மேல் செய்து விற்ற ரைபிள். மூன்றிலும் மெலிந்தது, கையில் எடுத்தால் உயிருள்ள பொருள் மாதிரி இருக்கும். ஆனால் பழைய 94களில் காலிக் கூடு தலைக்கு மேலே துள்ளும். அதனால் குழலுக்கு நேர் மேலே ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வைக்க முடியாது. 1980களில்தான் கூட்டைச் சாய்வாகத் தள்ளும்படி மாற்றினார்கள். நியூ ஹேவன் தொழிற்சாலை 2006இல் மூடிய பின், இப்போது ஜப்பானில் மிரோகு நிறுவனம் செய்து தருகிறது. வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது.

மார்லின் 336 வந்தது 1948இல். மேல்பக்கம் மூடிய கெட்டியான உடல், கூடு வலது பக்கம் வெளியேறும், ஸ்கோப் பொருத்துவது எளிது. லீவரின் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் போல்ட் வெளியே வந்துவிடும், குழலைப் பின்னாலிருந்தே சுத்தம் செய்யலாம். இந்த ஒரு சௌகரியத்துக்காகவே நான் மார்லின் பக்கம் சாய்கிறேன். 2020இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியது. 336 மறுபடி சந்தைக்கு வந்தது 2023இல்.

ஹென்றியின் விசை ரொம்ப மென்மை. முன்பெல்லாம் தோட்டாக்களைக் குழாயின் முன்பக்கம் வழியாக மட்டுமே போட முடியும். இப்போது பக்கவாட்டுக் கதவு உள்ள ரகமும் வருகிறது. காட்டில் அந்தக் கதவு ரொம்ப உதவும். எடை கொஞ்சம் கூடுதல்.

கண்டிப்பாக ஒன்றைச் சொல் என்றால், ஸ்கோப் வேண்டுமென்றால் மார்லின், வேண்டாமென்றால் வின்செஸ்டர்.

லீவரும் வேண்டும், தூரமும் வேண்டும். வழி உண்டா?

உண்டு. பிரவுனிங் பி.எல்.ஆர். ரைபிளில் கழற்றி மாட்டும் பெட்டி மேகசின். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் கூர்முனை ஆபத்தில்லை. 308, 243 போன்ற தோட்டாக்களைத் தாராளமாகப் போடலாம். பழசில் சாவேஜ் 99, சுழலும் மேகசின், தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியல் வெளியே கிடையாது. எத்தனை தோட்டா மிச்சம் என்று சின்ன ஜன்னல் வழியாகக் காட்டும் பித்தளை எண்சக்கரம் பல ரகங்களில் உண்டு. 1990களின் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

பழைய ரைபிள் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் லீவரை இறக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். வரிகள் கூராக, சுழன்று ஓட வேண்டும். குழிக் குழியாகத் துரு இருந்தால் வேண்டாம். குழலின் வாய் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அந்த விளிம்பு கெட்டால் குறி கெட்டது. திருகுத் தலைகள் பிய்ந்திருந்தால், தெரியாத ஆள் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

வின்செஸ்டரில் 1964க்கு முந்தையதற்கு மதிப்பு அதிகம். அந்த வருடம் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். மார்லினில் குழலின்மேல் ஜே.எம். என்ற முத்திரை இருந்தால், பழைய கனெக்டிகட் தொழிற்சாலைச் சரக்கு. அதற்குக் கூடுதல் விலை கேட்பார்கள். வேட்டைக்கு மட்டும் என்றால் முத்திரைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, குழலைப் பாருங்கள்.

ஸ்கோப் அவசியமா?

கண் நன்றாக இருந்தால், 100 கஜத்துக்குள் ஓட்டைக் குறி போதும். பின்னால் ஒரு வளையம், அதன் வழியாகப் பார்த்து முன்குறியை மானின் மேல் வைப்பது. வளையத்தின் நடுவுக்குக் கண் தானாகப் போய்விடும். ரைபிளோடு வரும் மான்கொம்பு வடிவப் பின்குறியை விட இது எவ்வளவோ மேல். நாற்பது வயதுக்கு மேல் பின்குறி மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால், 1-4 அல்லது 2-7 மடங்கு ஸ்கோப். 3-9க்கு மேல் வேண்டாம். புதருக்குள் 30 கஜத்தில் நிற்கும் மானை அதிக மடங்கில் பார்த்தால் பழுப்பு ரோமம்தான் தெரியும், மான் தெரியாது.

எனக்கு எத்தனை கஜம் வரை சுடத் தகுதி? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

முதலில் ரைபிளை மேஜைமேல் மணல்பை வைத்துச் சரி செய்யுங்கள். 150 கிரெயின் தர்ட்டி-தர்ட்டி என்றால், 100 கஜத்தில் குண்டு மையத்துக்கு இரண்டு அங்குலம் மேலே படட்டும். அப்போது 150 கஜத்தில் ஏறக்குறைய மையத்தில் படும், 200இல் நான்கு அங்குலம் தாழும். அதாவது 150 வரை கணக்குப் போடாமல் நெஞ்சுக்கு நேரே வைத்துச் சுடலாம்.

அடுத்து மேஜையை விட்டு எழுந்திருங்கள். காட்டில் மேஜை கிடையாது. விருந்துக்கு வாங்கும் காகிதத் தட்டு ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னத் தட்டு, எட்டு அங்குலத்துக்குள். மானின் நுரையீரல் பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான். 50 கஜத்தில் ஒரு தட்டை மாட்டி, தரையில் உட்கார்ந்து ஐந்து தோட்டா. மண்டியிட்டு ஐந்து. மரத்தில் சாய்ந்து நின்று ஐந்து. எல்லாமே தட்டுக்குள் விழுந்தால் 75க்குப் போங்கள். அப்புறம் 100. ஐந்தில் ஒன்று தட்டுக்கு வெளியே போன தூரம் உங்களுக்கு ஆகாத தூரம். அதற்கு முந்தையதுதான் உங்கள் எல்லை. நான்கு பட்டதே என்று கணக்குப் பேசாதீர்கள். அந்த ஐந்தாவது குண்டுதான் மானின் காலில் படுவது.

உட்கார்ந்து 125, நின்றபடி 60 என்று வரலாம். பரவாயில்லை. எனக்கு இன்றைக்கும் நின்றபடி 75தான். அதைத் தாண்டி மான் நின்றால் உட்கார இடம் தேடுவேன், இல்லையென்றால் பார்த்துக்கொண்டு இருப்பேன். மான் அழகானது, பார்ப்பதற்கும் நன்றாகத்தான் இருக்கும்.

காட்டில் உட்காரும் இடத்துக்குப் போனதும், தூரமானியால் சுற்றியுள்ள நான்கைந்து மரங்களை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த பிர்ச் 60, அந்தப் பாறை 90. மான் வந்த பிறகு அளக்கக் கை வராது.

லீவரில் சுத்தியல் வெளியே இருக்கிறதே, பயமாக இல்லையா?

மரியாதை வேண்டும். ஆபத்தான கணம் ஒன்றே ஒன்றுதான்: சுத்தியலை இழுத்த பிறகு, சுடாமல் மெதுவாக இறக்க வேண்டி வரும்போது. டிசம்பர் குளிரில் கட்டைவிரல் மரத்துப்போயிருக்கும், கையுறையும் இருக்கும். எனக்கு ஒரு தடவை விரல் வழுக்கிவிட்டது. குழல் தரையைப் பார்த்து இருந்ததால், காலுக்கு இரண்டடி தள்ளி மண் தெறித்ததோடு போயிற்று. அன்றிலிருந்து கையுறையைக் கழற்றி, குழலை மண்ணைப் பார்க்க வைத்து, கட்டைவிரலால் சுத்தியலை முழுதாகப் பிடித்துக்கொண்ட பிறகே விசையைத் தொடுகிறேன். சுத்தியல் நகரத் தொடங்கியதும் விசையை விட்டுவிட வேண்டும், அப்போது அரை இழுப்புப் பல்லில் அது நின்றுகொள்ளும். இதைக் காலி ரைபிளில் வீட்டில் நூறு தடவை பழகுங்கள்.

ஸ்கோப் பொருத்தியிருந்தால் சுத்தியலுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன நீட்டிப்பு மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்கோப்புக்கு அடியில் விரலை நுழைக்கும் அவஸ்தை இருக்காது.

லீவரை அரைகுறையாக இழுக்காதீர்கள். முன்னால் முழுக்கத் தள்ளி, பின்னால் முழுக்க இழுத்து, உறுதியாக. பயந்து பயந்து இழுத்தால்தான் தோட்டா சிக்கிக்கொள்ளும். வண்டியில் ஏறும் முன் தோட்டா வெடிக்கும் அறையும் மேகசின் குழாயும் இரண்டும் காலியாக வேண்டும். இங்கே அது சட்டமும்கூட.

எங்கே சுடுவது?

மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போங்கள். உடலின் அடிக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். இரண்டு நுரையீரலும் அங்கே. கொஞ்சம் அப்பால் திரும்பி நின்றால், எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிச் சுடுங்கள். நேராக எதிரே நிற்கிறதா, பின்பக்கம் காட்டுகிறதா, காத்திருங்கள். தலைக்குச் சுட வேண்டாம். ஒரு அங்குலம் தவறினால் தாடை போய், பட்டினியால் சாகும்.

சுட்டேன், ஓடிவிட்டது. இப்போது?

நுரையீரலில் பட்ட மானும் ஐம்பது, நூறு கஜம் ஓடத்தான் செய்யும். ஓடியதால் தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள். உடனே அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். அது நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த மரத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் எழுந்திருக்கவே வேண்டாம். துரத்தினால் சாகிற மானும் எழுந்து ஓடும்.

பிறகு நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். காய்ந்த ஓக் இலைமேல் இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக ரத்தம் இருந்தால் நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். பச்சை நிறமும் நாற்றமும் இருந்தால் குடல். அப்போது ஓசை படாமல் திரும்பிப் போய், குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து வாருங்கள்.

ஒவ்வொரு ரத்தத் துளிக்கும் பக்கத்துக் கிளையில் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைத் தொங்க விடுங்கள். தடம் விட்டுப்போனால் திரும்பிப் பார்த்தால் போதும், வெள்ளைத் துண்டுகள் ஒரு கோடு போல அது போன திசையைக் காட்டும். அந்தக் கோட்டின் கடைசித் துண்டிலிருந்து சின்னச் சின்ன வட்டமாகத் தேடத் தொடங்குங்கள். தண்ணீர் இருக்கும் பள்ளத்தை முதலில் பாருங்கள்.